சக்கரத்தின் மேல் ஒரு லயம்

கனடாவின் ஆல்பர்ட்டாவில் நான் குடியிருப்பது வீட்டில் இல்லை, வண்டியில் மாட்டி இழுத்துப்போகும் ட்ரெய்லரில். வெல்டிங் வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தலாம், வாடகையும் மிச்சம். கோடையில் சொகுசுதான். குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை இறங்கும். ட்ரெய்லரோ கோடை விடுமுறைக்கு ஏரிக்கரை போகிறவர்களுக்காகக் கட்டியது. ஒல்லிச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்.

இப்போது லீவுக்கு மூணாறு வந்திருக்கிறேன். செண்டுவரை, சைலன்ட்வேலி எஸ்டேட் பக்கமெல்லாம் காலையில் புல்மேல் உறைபனி. கொழுந்து கருகிவிட்டது என்று எஸ்டேட்டில் அதே பேச்சு. லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் கம்பிளியைப் போர்த்திக்கொண்டு மாமா என்னைக் குடைந்துவிட்டார். தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்த்த மனிதர். சூடான காற்றை உள்ளே விடுவதும் ஈரத்தை வெளியே தள்ளுவதுமே அவர் பிழைப்பாக இருந்தது.

“மைனஸ் முப்பதுல கேஸ் வருமா மாப்ளே?” என்றுதான் ஆரம்பித்தார். சரியான கேள்வி. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும்; அது பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாகாமல் அடங்கிவிடும். அங்கே கிடைப்பது புரோப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42. வரும், ஆனால் கடுங்குளிரில் சின்ன சிலிண்டரில் அழுத்தம் குறைந்து, ட்ரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ் திணறும். மணிக்கு 30,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு) ஃபர்னஸ் விடாமல் ஓடினால் 9 கிலோ சிலிண்டர் பதினான்கு மணி நேரத்தில் காலி. அதன் ஃபேன் பேட்டரியையும் உறிஞ்சிவிடும். “அப்போ பெரிய ஃபர்னஸ் வை” என்றார் பக்கத்திலிருந்த சித்தப்பா. எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்து என்ன பயன்?

வண்டிக்கு அடியில் ஓடும் காற்றுதான் முதல் திருடன். தரையையும் தண்ணீர்க் குழாய்களையும் ஒரே இரவில் உறைய வைத்துவிடும். சுற்றிலும் இரண்டு அங்குல நுரைப்பலகை நிறுத்தி அடைப்பதை அங்கே ஸ்கர்ட்டிங் என்பார்கள். பனி விழுந்ததும் அதன்மேல் பனியையே அள்ளிக் குவித்துவிடுவேன், காசில்லாத காப்பு. அப்புறம் ஃபர்னஸிலிருந்து சூட்டைக் கொண்டுவரும் காற்றுக்குழாய், அதாவது டக்ட். இணைப்புகள் விட்டுப்போயிருந்தால் சூடு தரைக்கு அடியிலேயே தங்கிவிடும், கட்டிலுக்கு வந்து சேராது. துணி டேப் சூட்டில் உரிந்துவிடும், அலுமினியம் ஃபாயில் டேப்தான் நிற்கும். ஜன்னலுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஹேர் டிரையரைக் காட்டினால் விறைத்துக்கொள்ளும்; நடுவில் சிக்கிய காற்றே இரண்டாவது கண்ணாடி. பளபளக்கும் குமிழ் ஃபாயிலைக் கண்ணாடியோடு ஒட்டவைப்பவர்களும் உண்டு. முன்னால் காற்று இடைவெளி இல்லாவிட்டால் அதன் பளபளப்பால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இவ்வளவும் அடைத்த பிறகுதான் அடுத்த தொல்லை. சமையல், குளியல், மூச்சு என்று எல்லா ஈரமும் உள்ளேயே நின்று, சுவரில் வழிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். “ஈரம் போக வழியில்லாம சூடு ஏத்தினா இலை வேகும்டா, காயாது.” அதேதான். கூரையில் காற்றுப் போகும் வென்ட்டை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். கொஞ்சம் சூடு போகும், போகட்டும்.

சமையல் அடுப்பை ஏற்றிக் குளிர் காய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாகும். ஃபர்னஸ் அதை வெளியே ஊதிவிடும், அடுப்பு உள்ளேயே விடும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. கட்டில் பக்கம் அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் இல்லாத ட்ரெய்லரில் நான் படுக்கமாட்டேன். கரண்ட் கிடைக்கும் இடத்தில் 1,500 வாட் ஹீட்டர் ஒன்று வைத்தால் ஃபர்னஸுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஆனால் ஹீட்டரை நம்பி ஃபர்னஸை முழுக்க அணைத்துவிடக் கூடாது. சில வண்டிகளில் தண்ணீர்த் தொட்டியைக் காப்பதும் அதே டக்ட் காற்றுதான்.

இந்த வித்தைகளில் பாதியை எனக்குச் சொல்லித்தந்தவர் பக்கத்து ட்ரெய்லர் கோட்டயத்துக்காரர். என் பாஸ்போர்ட்டில் இடுக்கி என்று பார்த்து மலையாளி என்று நினைத்து “நாட்டில் எவிடெயா?” (ஊரில் எங்கே?) என்று ஆரம்பித்தவர், நான் வீட்டுக்குத் தமிழில் போன் பேசுவதைக் கேட்டுத் திகைத்துப்போனார். மூணாறு மலையில் தலைமுறைகளாகத் தமிழர் இருக்கும் கதையைச் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது.

மாமா மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார். லயத்துத் தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று வரும் சந்துகளில் பழைய சாக்கைத் திணிக்கிறார். விறகடுப்பு எரியும் பக்கம் மட்டும் கைவைக்காதீர்கள் என்றேன். “எனக்கே சொல்லித்தர்றியா?” என்று ஏணியை அடுத்த அறைக்கு நகர்த்தினார்.