ஆட்டிசமும் ஹார்மோனும்

ஆட்டிசம் உறுதியாகும் பெண் பிள்ளை ஒருத்தி என்றால், ஆண் பிள்ளைகள் மூன்று நான்கு பேர். காரணம் தேடிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹனின் குழு, டென்மார்க்கில் சேமித்து வைத்திருந்த பனிக்குட நீரைச் சோதித்தது. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான ஆண் குழந்தைகளின் மாதிரிகளில் ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு ஹார்மோன்கள் சராசரியாகக் கூடுதலாக இருந்தன. 2019இல் பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனும் அப்படியே என்றார்கள். ஆக, "ஆண் ஹார்மோன் அதிகம், அதான்" என்று முடித்துவிட முடியாது. அதோடு, இது கூட்டத்தின் சராசரி. உங்கள் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது.

ஆனாலும் அமெரிக்காவில் சிலர், டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் லூப்ரான் ஊசியை ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. அது மிகச் சிறு வயதிலேயே பருவமடைவதை நிறுத்திவைக்கும் மருந்து. ஆட்டிசத்துக்குப் பலன் தரும் என்று எந்த ஆதாரமும் இல்லை. யாராவது ஹார்மோன் சிகிச்சை என்று வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

ஹார்மோன் நிஜமாகவே வீட்டுக்குள் வருவது பருவ வயதில்தான். திடீர் ரத்தம், அதன் வாசனை, நாப்கின் உரசல் எல்லாம் ஆட்டிசமுள்ள பெண்ணுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். முதல் மாதவிடாய்க்கு முன்பே நாப்கினைத் தொட்டுப் பார்க்க, கொஞ்ச நேரம் போட்டுப் பழகக் கொடுங்கள். என்ன நடக்கும் என்பதைப் படம் வரைந்து, வரிசையாக, பலமுறை சொல்லுங்கள்.