கெர்னலுக்கு ஒரே ஒரு வரி

லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்ல ஏதாவது ஒண்ணு சரி பண்ணி அனுப்பணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா 3 கோடி வரிக்கு மேல கோட் இருக்கே, எந்தப் பக்கம் தொடறதுன்னே தெரியாம தள்ளிப் போட்டுட்டே வந்தேன். எல்லாரும் முதல்ல காட்டுற இடம் டிரைவர்ஸுக்குள்ள (ஹார்டுவேர இயக்கற கோட்) இருக்கற ஸ்டேஜிங் ஃபோல்டர்தான். தரம் இன்னும் பத்தாத டிரைவர்கள வச்சிருக்கற இடம் அது. கோட் எழுதின விதத்த சோதிக்கற செக்பேட்ச் ஸ்கிரிப்ட்ட ஓட விட்டா ஸ்பேஸ், டேப்னு வரிசையா வார்னிங் வரும். பேட்ச்ச, அதாவது கோட் மாற்றத்த, மெயில்ல அனுப்பிப் பழகறதுக்கு அது நல்லது, ஆனா அதையே தூக்கிட்டு மத்த டிரைவர்கள் பக்கம் போனா அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர்கள் பலர் எடுத்துக்க மாட்டாங்க, அவங்க பக்கம்தான் நியாயம்னு எனக்குத் தோணுது.

எனக்குக் கிடைச்சது ஒரு லீக், அதாவது எடுத்தத திருப்பி விடாம விட்ட தப்பு. ஒரு டிரைவர் தன்னோட டிவைஸ தயார் பண்ற ப்ரோப் ஃபங்ஷன், ஹார்டுவேர் விவரங்கள் இருக்கற டிவைஸ் ட்ரீல சைல்ட் நோடுகள (உள் பதிவுகள்) ஒரு லூப் மேக்ரோ வச்சு ஒவ்வொண்ணா பாக்குது. அந்த மேக்ரோ ஒவ்வொரு நோடுக்கும் ரெஃபரன்ஸ் கவுன்ட்ட (எத்தன பேர் பயன்படுத்தறாங்கங்கற எண்ணிக்கை) ஏத்தும், அடுத்த நோடுக்குப் போகும்போது அதுவே இறக்கிடும். ஆனா நடுவுல எரர் வந்து ரிட்டர்ன் ஆயிட்டா அந்தக் கவுன்ட் அப்படியே நின்னுடும். ரிட்டர்னுக்கு முன்னாடி கவுன்ட்ட இறக்கற ஆஃப்_நோட்_புட், மொத்த ஃபிக்ஸும் அவ்ளோதான்.

கோட் மாத்த ரெண்டு நிமிஷம்னா அந்த மாற்றத்த விளக்கற கமிட் மெசேஜ் எழுத ஒரு ராத்திரி ஆச்சு. என்ன மாத்தினேன்னு டிஃப்ப (மாறின வரிகளோட பட்டியல்) பாத்தாலே தெரியும், ஏன் மாத்தினேன், இல்லன்னா என்ன ஆகும்னுதான் படிக்கறவங்களுக்கு வேணும். கோட் மாற்றங்கள பதிஞ்சு வைக்கற கிட்ல பிளேம் கமாண்ட் போட்டு தப்பு எந்த கமிட்ல (பதிஞ்ச மாற்றம்) நுழைஞ்சதுன்னு தேடி, அதோட அடையாளமான ஹேஷ்ல முதல் 12 எழுத்த எடுத்து ஃபிக்ஸஸ்னு ஒரு வரி போடணும், கீழ நம்ம பேரோட சைன்டு-ஆஃப்-பை. இந்த கோட் தர்ற உரிமை எனக்கு இருக்குன்னு நாம பொறுப்பேத்துக்கற வரி அது, அதனால சும்மா சடங்குக்குப் போடாதீங்க.

யாருக்கு அனுப்பணும்னு கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டே சொல்லிடும். நான் வழக்கமா பாக்கற மெயில் ஆப்ல ஒட்டி அனுப்பிட்டேன், அது டேப் எல்லாத்தையும் ஸ்பேஸா மாத்திடுச்சு, பேட்ச் அப்ளை ஆகலன்னு பதில் வந்தப்போ மனசு ஒடிஞ்சு போச்சு. கிட் சென்ட்-இமெயில்ல அனுப்புங்க, அதுக்கு முன்னாடி உங்களுக்கே ஒரு தடவ அனுப்பி, மெயில்ல வந்த பேட்ச்ச சேர்க்கற கிட் ஏஎம் போட்டுப் பாருங்க. இதுக்கு பத்து நிமிஷம்கூட ஆகாது.

ரெண்டாவது தடவ அனுப்பறப்போ சப்ஜெக்ட்ல வி2 (ரெண்டாவது வெர்ஷன்), கமிட் மெசேஜ் முடியற இடத்துல இருக்கற ‘---’ கோட்டுக்குக் கீழ என்ன மாறிச்சுன்னு ஒரு குறிப்பு. அதுக்கப்புறம் ஒரு வாரம் சத்தமே இல்ல. அடுத்த வெர்ஷனுக்குப் புது கோட் சேர்க்கற மெர்ஜ் விண்டோ திறந்திருக்கற ரெண்டு வாரம் மெயின்டெய்னர்களுக்கு தலைக்கு மேல வேலை, அப்போ போய் நச்சரிக்கக் கூடாது. அப்புறம் ஒருநாள் காலைல ‘அப்ளைடு, தேங்க்ஸ்’னு, அதாவது பேட்ச்ச சேர்த்தாச்சுன்னு, ஒத்த வரி மெயில். அத எத்தன தடவ திறந்து படிச்சேன்னு கணக்கே இல்ல.

அதே டிரைவர்ல இன்னொரு ஃபங்ஷன்லயும் இதே மாதிரி ஒரு ரிட்டர்ன் இருக்கு, இன்னிக்கு ராத்திரி அதத்தான் பாக்கப் போறேன்.