வெள்ளச்சிக்கு நாள் குறித்தேன்

நோய் முற்றிய பூனையை ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிட எப்போது முடிவெடுப்பது என்று கேட்டால், “நேரம் வந்தா அதுவே சொல்லிடும், உனக்குத் தெரிஞ்சிடும்” என்று பூனை வளர்க்கிற எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். என் பூனை வெள்ளச்சி சொல்லவில்லை. கடைசி வாரத்தில்கூட, நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அதை நம்பியே இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அவளுக்கு 16 வயது. போன ஆடி மாதம் குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, நிறுத்தாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். வெயிலுக்காக என்று விட்டுவிட்டேன். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 4.1. சிறுநீரகம் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் பூனைக்கு வெளியே அறிகுறி தெரியும் என்றார் டாக்டரம்மா. வயதான பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் தயவுசெய்து அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரைத் தோலுக்கடியில் ஏற்றச் சொன்னார். பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியைச் செருகவேண்டும். முதல் நாள் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது, என் சட்டை முழுக்க நனைந்தது. பத்து நாளில் கை பழகியது. ஏற்றி முடித்ததும் தோளில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு வீக்கம் தொங்கும். மெல்ல முன்னங்காலுக்கு இறங்கிக் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரில் ஏழு மாதம் நன்றாகவே ஓடியது.

மாசியில் கிரியாட்டினின் 7.8. ஐந்தைத் தாண்டினாலே கடைசிக் கட்டம். 4.3 கிலோ இருந்தவள் 2.4 கிலோ. வாய்க்குள் புண், மூச்சில் மூத்திர வாடை. மீன்காரம்மா குரல் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறவள், நெத்திலியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஓர் அளவுகோலைச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் உருவாக்கியது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். நான் 38 போட்டேன். அதையே அவர் என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டபோது 22 வந்தது. இப்போதெல்லாம் எந்நேரமும் என் மடியில்தான் படுக்கிறாள் என்று மகிழ்ச்சிக்கு 8 போட்டிருந்தேன். “அதுக்குக் குளிருதுப்பா. உடம்புச் சூடு குறைஞ்சிடுச்சு, அதான் உங்க மடியைத் தேடி வருது” என்றார். வண்டியை எடுக்க முடியாமல் வெகுநேரம் வெளியே நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து மளிகைக் கடை காலண்டரில் நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. 14 நாளில் நான்கு வட்டம்தான், அந்த நான்கும் முதல் வாரத்தில். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன். ஒரு வாரம் முன்னாலேயே எடுத்திருக்கவேண்டும். அந்த ஏழு நாளும் நான் எனக்காக அவளை வைத்திருந்தேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “நாம யாருடா அது உசுரை எடுக்க? தானா போகட்டும்.” டாக்டரம்மாதான் போனில் பொறுமையாக விளக்கினார்: தானாகப் போவதென்றால் நாள்கணக்கில் வாந்தி, பட்டினி, சில சமயம் வலிப்பு. அம்மா பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொன்னார், அது பெரிய உதவி. முதல் ஊசி மயக்கத்துக்கு. சில நிமிடத்தில் தலை என் முழங்கையில் சாய்ந்தது. ஏழு மாதமாகக் குத்தித் தழும்பேறிய பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது, ரத்தக்குழாய் வழியாக மயக்க மருந்து, அளவு மிக அதிகம். ஊசியை எடுப்பதற்குள் மூச்சு நின்றது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். கண் மூடவில்லை. பூனைக்குக் கண் திறந்தேதான் இருக்கும் என்று அவர் முதலிலேயே சொல்லாவிட்டால் நான் பயந்துபோயிருப்பேன்.

சுற்றுவதற்குத் துண்டு தேடி எழுந்தேன். அதற்குள் அம்மா தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையை நான்காக மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம்.

திங்கட்கிழமை, மிச்சமிருந்த ஆறு பாட்டில் ரிங்கர் லாக்டேட்டைக் கிளினிக்கில் கொடுக்கப் போனேன். ஒரு பாட்டி கூடையில் கறுப்புப் பூனையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், கை நடுங்குகிறது என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, தோலை எப்படித் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று காட்டிவிட்டு வந்தேன்.