பூட் ஆகாத கம்ப்யூட்டர்: முதலில் ஃபைல்கள், அப்புறம்தான் ரிப்பேர்

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்பதில் மூன்று வகை உண்டு. பவரே வராதது, ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது, லோகோ வரை வந்து விண்டோஸ் ஏறாமல் நிற்பது. முதல் இரண்டில் பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பவர் கேபிளையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துப் பிறகு இணைத்துப் பாருங்கள். திரை கறுப்பாகவே இருந்தால் ரேமைக் கழற்றி, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம்.

மூன்றாவது வகையில்தான் ஃபைல்கள் பறிபோகின்றன, அதுவும் பெரும்பாலும் நம் கையாலேயே. பதற்றத்தில் முதலில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியை ஓட்டுவார்கள். அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை நேராக்குவது. ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. பழுதான டிஸ்க்கில் ஓட்டினால், பொருந்தாத துண்டுகளைப் பெயரில்லாத ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். காப்பி எடுக்கும் வரை செக்டிஸ்க், ரீசெட், ரீஇன்ஸ்டால் எதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று தட்டினால் உடனே பவரை நிறுத்துங்கள். டேட்டாவைப் படிக்கும் ஹெட், உள்ளே சுழலும் வட்டத்தகட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் டேட்டா ரெகவரி லேப் வேலைதான்.

அப்படித் தட்டும் சத்தம் வராத டிஸ்க்குக்கு லைவ் லினக்ஸ், அதாவது இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ், போதும். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது மின்ட் என்ற லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும். ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என அந்த மாடலுக்குரிய கீயைத் தட்டி, யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யுங்கள். 'இன்ஸ்டால்' அல்ல, 'ட்ரை'தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தில் கை தவறினால் எல்லாம் போச்சு. காப்பி போகும் எக்ஸ்டர்னல் டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32வில் 4 ஜிபியை எட்டும் ஃபைல் ஏறாது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸோடு நிறுத்தாமல், மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரையும் எடுங்கள். பிரவுசர் புக்மார்க்குகள் அதில்தான் இருக்கின்றன.

விண்டோஸ் ஹைபர்னேட் நிலையில் இருப்பதாகச் சொல்லி டிரைவ் திறக்க மறுக்கலாம். விண்டோஸை முழுதாக அணைக்காமல் விடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியின் விளைவு அது. ரீட்-ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் முடியும்படி டிரைவை மவுன்ட் செய்து திறந்தால் போதும், எழுத நமக்கு அவசியமே இல்லை.

டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர்தான் பலர் எதிர்பாராத சுவர். விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், உரிமையாளருக்கே தெரியாமல் அது ஆன் ஆகியிருப்பதுண்டு. 48 இலக்க ரெகவரி கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீ கையில் வரும்வரை பயாஸ் எனும் அடிப்படை செட்டிங்ஸ் திரையில் செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு செட்டிங்குகளைத் தொடாதீர்கள்.

காப்பி ஆமை வேகத்தில் நகர்ந்தால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலொகேட்டட் (பழுதாகி மாற்றப்பட்ட), பென்டிங் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும்) செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஃபைல் ஃபைலாக இழுப்பதை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய டிஸ்க்கில் இமேஜாக, அதாவது அப்படியே நகலாக, எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூல டிஸ்க் எது, இலக்கு எது என்பதை இருமுறை சரிபாருங்கள். மாறிப்போனால் மீட்க வந்ததே அழியும்.

மதர்போர்டே செத்திருந்தால் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்குக்கு யுஎஸ்பி அடாப்டர் போதும், 3.5 இன்ச்சுக்குத் தனி 12 வோல்ட் பவர் தேவை. சிறு பட்டை வடிவ எம்.2 டிஸ்க்குகளில் என்விஎம்ஈ, சாட்டா என இரண்டு வகை இருப்பதால் லேபிளைப் படித்துவிட்டு, யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டியான எனக்ளோஷர் வாங்குங்கள். ஸ்டோரேஜைப் போர்டிலேயே சால்டர் செய்த மாடல்களில் இந்த வழி கிடையாது.

எடுத்த ஃபோட்டோ, வீடியோ, எக்ஸெல் சிலவற்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே ரிப்பேரைத் தொடங்குங்கள். விண்டோஸ் ரெகவரியின் கமாண்ட் ப்ராம்ப்டில் பிசிடிபூட் என்ற கமாண்டை ஓட்டினால் பூட் ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு கமாண்டை அடியுங்கள். செக்டர்கள் பழுதான டிஸ்க் என்றால் பிசிடிபூட்டும் வேண்டாம், புது டிஸ்க்கில் விண்டோஸ் போடுங்கள்.