14 மாதம்

லாயர் ஆபிசில் நான் கேட்ட முதல் கேள்வி, "விவாகரத்துக்கு எத்தனை மாசம் ஆகும்?" அவர் பதில் சொல்லவில்லை, "உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. போடுகிற ஆளாக இருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்?

அந்தக் கையெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம். இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு, நேராக உயர் நீதிமன்றம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவுத் துறையில் சமரசக் குழு முன்னால் உட்கார வேண்டும். எப்படியானாலும், விதிவிலக்கான சூழ்நிலையோ கடும் துன்பமோ இருந்தாலொழிய, கல்யாணமாகி 2 வருடம் ஆகாமல் மனு போட முடியாது. எனக்கு 9 வருடம் ஆகியிருந்தது.

ஜேபிஎன்-க்கு 3 தடவை போனேன். லீவு போட்டு, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி. வீட்டுக்காரர் ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டாவது தடவை, அந்த மலாய்க்கார அக்கா வெளியே வந்து அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், ஏதோ நானே அவரை ஒளித்து வைத்த மாதிரி. குழுவுக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 6 மாதம். எனக்கு ஐந்தாவது மாதத்தில் 'சமரசம் ஆகவில்லை' என்ற சான்றிதழ் கிடைத்தது.

அதைப் பார்த்த பிறகு அவரே போன் செய்தார், கூட்டு மனுவுக்குச் சம்மதம் என்று. மகள் யாரோடு இருப்பாள் என்பது ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. செலவுக் கணக்கில் மட்டும், 18 வயதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். 2018 டிசம்பரில் அமலான திருத்தப்படி மேற்படிப்பு முடியும் வரை கொடுக்க வேண்டும் என்று லாயர் எடுத்துச் சொன்னதும் பேச்சு நின்றது.

இழுத்தது வீடுதான். கடன் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. வீட்டை அவர் எடுத்துக்கொள்வதாக நாங்கள் பேசிக்கொண்டால் போதாதாம், என் பெயரை எடுக்க வங்கி ஒத்துக்கொள்ள வேண்டும். அவருடைய சம்பளச் சீட்டு, இன்னொரு பாரம், மறுபடி சம்பளச் சீட்டு. 4 மாதம் போனது!

மனு போட்டு 2 மாதத்தில் பினாங்கு லெபோ லைட் கோர்ட்டில் விசாரணை. உள்ளே பத்து நிமிடம்கூட இல்லை. சுய விருப்பமா என்று நீதிபதி கேட்டார், ஆமாம் என்றோம். வெளியே வந்ததும் அம்மா போனில், "முடிஞ்சிருச்சாம்மா?" முடியவில்லை. அன்றைக்குக் கிடைத்தது டிகிரி நைசை, அதாவது இடைக்காலத் தீர்ப்பு. அது அப்சலூட், அதாவது இறுதித் தீர்ப்பு, ஆக 3 மாதம். கோர்ட் நினைத்தால் குறைக்கலாம், நான் கேட்கவில்லை. அதுவரை சட்டப்படி நான் அவர் மனைவிதான்.

அப்சலூட் வந்ததும் பதிவு செய்ய மறுபடி ஜேபிஎன். நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு அதே வரிசையில் உட்கார்ந்தேன். இந்த முறை கூப்பிட்டது என் பெயரை மட்டும்.