என்பிஏ டிராஃப்ட்: பாதிக் கதை மே மாதமே முடிந்துவிடுகிறது

என்பிஏ என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஜூன் கடைசியில் நியூயார்க்கில் இரவு எட்டு மணிக்கு அது தொடங்கும்போது கோலாலம்பூரில் மறுநாள் காலை எட்டு. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிப்பதற்குள் முதல் மூன்று நான்கு பெயர்கள் வந்துவிடும். ஆனால் எந்த அணி எத்தனையாவது எடுக்கும் என்பது மே மாத லாட்டரியிலேயே, அதாவது அந்த வரிசைக்கான குலுக்கலிலேயே, பெரும்பாலும் முடிவாகியிருக்கும். நம்மவர்கள் அதிகம் குழம்புவதும் அங்கேதான். "கடைசியா முடிச்ச டீமுக்குத்தானே முதல் பிளேயர்?" இல்லை.

30 அணிகளில் பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு) போகாத 14 அணிகள் லாட்டரிக்கு வருகின்றன. இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளைப் போடுகிறார்கள். 20 விநாடி சுழன்றதும் முதல் பந்து, அப்புறம் 10 விநாடிக்கு ஒன்றாக இன்னும் மூன்று. வரிசை முக்கியமில்லை, எந்த நான்கு எண்கள் என்பதே கணக்கு. அப்படி 1,001 கூட்டுகள் உண்டு. 11-12-13-14 யாருக்கும் சொந்தமில்லை. வந்தால் மறுபடி எடுப்பார்கள். மீதி 1,000 கூட்டுகளை முன்கூட்டியே அணிகளுக்குப் பிரித்துவிடுவார்கள்.

2019இல் வந்த பங்கீட்டில் மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 140, நான்காவதற்கு 125, ஐந்தாவதற்கு 105 என்று இறங்கி, பதினான்காவதற்கு வெறும் 5. அதற்கு முன் கடைசி அணிக்கு மட்டும் 250 இருந்தது. வேண்டுமென்றே தோற்பது லாபமாக இருந்ததால்தான் அதைக் குறைத்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். குலுக்குவது முதல் நான்கு இடங்களுக்கு மட்டும். ஏற்கெனவே வென்ற அணியின் கூட்டே திரும்ப வந்தால் அது செல்லாது. மற்ற இடங்கள் தோல்வி வரிசைப்படி நிரம்பும். ஆகவே கடைசி அணி ஐந்தாம் இடத்துக்குக் கீழே போகாது. ஆனால் ஐந்தாம் இடத்துக்கே போகும் வாய்ப்பு 47.9 சதவீதம்! இவ்வளவும் மூடிய அறையில் முடிந்தபிறகுதான் டிவியில் உறை பிரிக்கிறார்கள்.

2025ஐப் பாருங்கள். 17 வெற்றி, 65 தோல்வியோடு கடைசியாக முடித்த யூட்டாவுக்கு ஐந்தாம் இடம். டல்லாஸும் சிகாகோவும் 39-43 என்று சமமாக முடித்ததால், அந்த இரண்டு இடங்களுக்குரிய 20ஐயும் 15ஐயும் கூட்டிப் பிரித்தார்கள்: டல்லாஸுக்கு 18, சிகாகோவுக்கு 17. அந்த 1.8 சதவீத வாய்ப்பில் டல்லாஸ் முதல் பிக்கை, அதாவது முதலில் ஆள் எடுக்கும் உரிமையை, வென்று கூப்பர் ஃபிளாக் என்ற ஆட்டக்காரரை எடுத்தது.

அதே லாட்டரியில் பிலடெல்பியாவையும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பிக் ஒக்லஹோமா சிட்டிக்குக் கடன்பட்டிருந்தது. முதல் ஆறுக்குள் விழுந்தால் மட்டும் தங்களிடமே இருக்கும் என்பது நிபந்தனை. மூன்றாவதாக விழுந்தது, தப்பித்தார்கள். அணிகளுக்கிடையிலான ஒரு டிரேடில் (பரிமாற்றத்தில்) "பிக் கொடுத்தார்கள்" என்று படித்தால், இந்தப் பாதுகாப்பு நிபந்தனையை முதலில் தேடுங்கள். எதிர்காலத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக் எதுவுமே கைவசம் இல்லாதபடி விற்கவும் முடியாது. எண்பதுகளில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் கண்டபடி விற்றதன் விளைவு அந்த விதி.

டிராஃப்ட் அன்று முதல் சுற்றில் ஒரு பிக்குக்கு 5 நிமிடம். எடுக்கப்பட்டவர் மேடையில் போட்டுக்கொள்ளும் அணித் தொப்பியை நம்பாதீர்கள். 2018இல் லூகா டான்சிச்சை மூன்றாவதாக எடுத்தது அட்லாண்டா, ஆடப் போனது டல்லாஸுக்கு.

முதல் சுற்று ஆட்டக்காரருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டுகள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் இல்லை. பின்னாளில் பெரிய நட்சத்திரமான நிகோலா யோக்கிச்சும் 2014இல் இரண்டாம் சுற்றில் 41ஆவதாக வந்தவர்தான். ஆனாலும் ஐம்பதாவது இடத்துக்குப் பிறகு எடுக்கப்படுவதைவிட யாரும் எடுக்காமல் விடுவதே சில சமயம் நல்லது. எடுத்த அணிக்கே உரிமை போய்விடும். எடுக்கப்படாதவர், தான் ஆடும் இடத்துக்கு ஆள் குறைவாக உள்ள அணியைத் தானே தேர்ந்துகொள்ளலாம். 2021இல் ஆஸ்டின் ரீவ்ஸ் லேக்கர்ஸுக்குப் போனது அந்த வழியில்தான்.