வெனிஸ் கடற்கரை ஸ்கேட்பார்க்: மணலோடு பழகி பவுலுக்குள் இறங்குவது

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வெனிஸ் கடற்கரையில், மணலுக்கு நடுவிலேயே 16,000 சதுர அடியில் கான்கிரீட் போட்டு 2009 அக்டோபரில் திறந்த, ஸ்கேட்போர்டு ஓட்டுவதற்கான பொது ஸ்கேட்பார்க் இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 9 மணிக்குத் திறந்தால் இருட்டும் வரை ஓட்டலாம். உள்ளே மூன்று வகை இடங்கள் உண்டு. நீச்சல்குளம் போல் குடைந்த பவுல்கள், பாம்பு போல் நெளிந்து போகும் ஸ்நேக் ரன், படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் திண்டும் உள்ள ஸ்ட்ரீட் பகுதி. இந்தக் குறிப்பு முதல் இரண்டைப் பற்றியது. ஸ்ட்ரீட் பகுதியில் செய்வதை எந்த ஊர்ப் படிக்கட்டிலும் செய்துவிடலாம்.

பவுலுக்கு ஏன் நீச்சல்குள வடிவம் என்றால், இந்த வட்டாரத்தில் தொடங்கிய பழக்கம் அப்படி. 1970களில் யூரிதேன் சக்கரம் வந்ததும் வழுக்காமல் வளைவில் ஏற முடிந்தது. 1976, 77 வறட்சியில் கலிஃபோர்னியாவின் வீட்டுக் குளங்கள் வற்றிக் கிடந்தன. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா போன்ற, ஸெஃபிர் என்ற ஸ்கேட்போர்டு அணியின் ஆட்கள் அந்தக் குளங்களுக்குள் இறங்கி ஓட்டினார்கள். நீந்துகிறவர் கை வைத்துப் பிடிக்கக் குளத்தின் விளிம்பில் உருட்டிவிட்ட ஓரம் இருக்குமே, அதற்குத்தான் கோப்பிங் என்று பெயர். இன்றும் பவுலில் எல்லா வித்தையும் அந்த ஓரத்தில்தான் முடிகிறது.

முதலில் நேரம். கோடையில், குறிப்பாக ஜூனில், கடல்மூட்டம் காலை முழுக்கக் கலையாது. கான்கிரீட் ஈரமாகத் தெரியாது. ஆனால் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தால் பிசுபிசுப்பு தெரியும். அந்த நிலையில் நேராக ஓட்டலாம், வளைந்தால் சக்கரம் பக்கவாட்டில் நழுவும். மூட்டம் கலைந்து வெயில் விழுந்தபின் அரை மணி விட்டால் போதும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி மணலைக் கொண்டுவரும். மாலையில் மேற்கே பார்த்து ஓட்டும்போதெல்லாம் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும், கூட்டமும் கூடும். கற்றுக்கொள்ள வருபவருக்கு வார நாளின் முற்பகல்தான் சரி. சுற்றுலாப் பயணிகள் வேலியில் சாய்ந்து படம் எடுக்கும் நேரத்தில் புதிதாக ஒன்றைப் பழகுவது வீண்வேலை.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றில் வரும் மணல் வளைவில் நிற்காது, உருண்டு அடியில் சேரும். அதிலும் வளைவு முடிந்து சமதளம் தொடங்கும் கோட்டில் மெல்லிய படலமாகப் படியும். போர்டின் மேல் நம் எடை மிக அதிகமாக அழுந்துவதும் அதே இடத்தில்தான். அங்கே திரும்பினால் சக்கரம் மணல் மீது உருளும், கான்கிரீட்டைப் பிடிக்காது. உள்ளே ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நடந்தே ஒரு சுற்றுப் போய், காலணியின் அடியைத் தேய்த்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பெருக்க வேண்டும். மென்மையான அகலத் துடைப்பத்தால் மேலிருந்து கீழே பெருக்கி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டவும். அடியில் இருக்கும் வடிகால் துளைக்குள் தள்ளிவிடக் கூடாது. துளை அடைத்தால் அடுத்த மழைக்குக் குளம் நிஜமாகவே குளமாகிவிடும். பெருக்குகிறவரைப் பார்த்தால் நீங்களும் ஒரு துடைப்பத்தை எடுங்கள். இந்த இடத்தில் மரியாதை சம்பாதிக்க அதைவிடக் குறுக்குவழி இல்லை.

அடுத்தது சாமான். தெருவில் ஓட்டும் 52 மி.மீ. சக்கரம் இங்கே ஓடும்தான், ஆனால் வேகம் சீக்கிரம் செத்துவிடும், மணல் துகளில் தடுக்கும். 56 முதல் 58 மி.மீ. விட்டம், 97ஏ முதல் 101ஏ வரை கடினம் என்பது பவுலுக்குப் பொருத்தம். 78ஏ போன்ற மென்சக்கரம் மணலைக் கண்டுகொள்ளாது. ஆனால் வழவழப்பான கான்கிரீட்டில் ஒட்டிக்கொண்டு வேகத்தைத் தின்னும், விளிம்பில் சறுக்கவும் விடாது. சக்கரம் பெரிதாகும்போது, திரும்புகையில் அது நாம் நிற்கும் பலகையான டெக்கின் அடியில் உரசி போர்டு சட்டென்று நிற்கும் ஆபத்து உண்டு. ஓட்டுபவர் மட்டும் முன்னே பறப்பார். அதனால் சக்கர அச்சைத் தாங்கும் டிரக்குக்கும் டெக்குக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலத் தடிமனுள்ள ரைசர் பட்டை வைத்து, 1 அங்குல போல்ட்டுக்குப் பதில் 1 1/8 அங்குல போல்ட் போடவும். டெக் அகலம் 8.25 அல்லது 8.5 அங்குலம். டிரக்கின் நடு நட்டைத் தெருவுக்கு வைப்பதைவிடக் கால் சுற்று தளர்த்தலாம். அதற்கு மேல் தளர்த்தினால் வேகத்தில் போர்டு நடுங்கும். அந்த நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர், சக்கர நட்டுக்கு 1/2, டெக் போல்ட் நட்டுக்கு 3/8. மூன்றும் சேர்ந்த ஸ்கேட் டூல் ஒன்று பையில் இருந்தால் போதும்.

தலைக்கவசம், முழங்கை, முழங்கால் காப்பு மூன்றும் இங்கே விதிப்படி கட்டாயம். கடைப்பிடிப்பவர்கள் குறைவு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முழங்கால் காப்பு கடினமான பிளாஸ்டிக் மூடி உள்ளதாக இருக்க வேண்டும். அது அடிபடாமல் காப்பதற்கு மட்டும் இல்லை, சறுக்கி இறங்குவதற்கும் அதுதான் கருவி. ஓடி வளைவில் ஏறி, திரும்பி, இரண்டு முழங்காலையும் ஒரே நேரத்தில் ஊன்றி, குதிகாலின் மேல் உட்கார்ந்து சறுக்க வேண்டும். கை தரையைத் தொடக் கூடாது. ஒரு முழங்கால் முந்தினால் உடல் திருகிக்கொள்ளும். போர்டே இல்லாமல் இதைப் பழகியபின்தான் மற்றவை. விழத் தெரிந்தவர் பயப்படாமல் ஏறுவார், பயப்படாதவர் பின்னால் சாய மாட்டார். பவுலில் நடக்கும் விபத்தில் பெரும்பங்கு பின்னால் சாய்வதால் வருகிறது.

ஓட்டத் தொடங்க வேண்டிய இடம் ஸ்நேக் ரன். இங்கே பழக வேண்டியது ஒன்றே ஒன்று: தரையில் கால் வைக்காமல் வேகம் எடுப்பது. இதற்குப் பம்ப் என்று பெயர். சமதளத்தில் முழங்காலை மடக்கிக் குனிந்திருங்கள். சக்கரம் வளைவைத் தொட்டதும் காலை நீட்டி போர்டை அழுத்துங்கள், உச்சி நெருங்கும்போது மறுபடி மடக்குங்கள். இறங்கும்போதும் வளைவின் கீழ்ப்பாதியில் அதே அழுத்தம். ஊஞ்சலில் நின்றபடி உந்துவதும் இதே கணக்குத்தான்: உடலின் எடை வளைவின் மையத்தை நோக்கி நகரும்போது வேகம் கூடுகிறது. தொடக்கத்தில் எல்லோருக்கும் தப்புவது நேரம். சமதளத்திலேயே எழுந்துவிட்டால் வளைவில் நீட்ட ஒன்றும் மிச்சம் இருக்காது. அரை வினாடி தாமதமாக எழுவதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும். ஒரு முறை உந்தி ஸ்நேக் ரன்னின் முனைவரை காலூன்றாமல் போக முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். முடியாத வரை பவுலைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

அடுத்து திரும்புதல். சுவரைப் பார்த்தபடி திரும்பினால் ஃப்ரண்ட்சைடு, முதுகைக் காட்டித் திரும்பினால் பேக்சைடு. முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தின் மேல் திரும்பும் கிக்டர்ன், இடுப்பளவு உயரத்தில் பேக்சைடில்தான் முதலில் பிடிபடும், ஏனென்றால் இறங்க வேண்டிய திசையைப் பார்க்க முடியும். தலை போகும் பக்கம் தோள், தோள் போகும் பக்கம் போர்டு. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புகிறவர் பாதியில் நின்று பக்கவாட்டில் விழுவார். கார்வ் செய்யும்போது, அதாவது சுவரில் வளைந்து போகும்போது, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும். அதற்கு நுழையும் கோணம்தான் எல்லாம். சுவரை நேராக மோதினால் ஏறி அப்படியே திரும்பி வரத்தான் முடியும். சாய்வாக, பவுலின் மூலையைக் குறிவைத்து நுழைந்தால் சுவரே உங்களைச் சுற்றிக் கொண்டுவரும்.

விளிம்பிலிருந்து பவுலுக்குள் இறங்கும் டிராப் இன் பற்றிப் பலரும் துணிச்சல் என்று பேசுகிறார்கள். எடையைச் சரியான இடத்தில் வைக்கும் வேலை மட்டுமே அது. போர்டின் பின்முனையான டெயிலைக் கோப்பிங்கின் மேல் வைத்துப் பின்காலால் அழுத்தி நில்லுங்கள், பின் சக்கரங்கள் விளிம்பைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் இருக்கட்டும். முன்காலை முன் போல்ட்டுகளின் மேல் வையுங்கள். முழங்காலை மடக்கி, முன்பக்கக் கையால் போர்டின் முன்முனையான நோஸைத் தொடப்போவது போல் குனிந்து, முன் சக்கரத்தைச் சுவரில் அறையுங்கள். மெதுவாக இறக்கிப் பார்ப்பது என்பதே இதில் கிடையாது. பாதி மனதோடு சாய்ந்தால் எடை பின்னால் தங்கும், போர்டு முன்னே வழுக்கி ஓடும், இடுப்பெலும்பில் விழுவீர்கள். உயரம் குறைந்த விளிம்பில் பழகிக்கொண்டு, ஆழமான பவுலுக்குப் பின்னர் போகவும்.

ஆழத்தை எண்ணால் மட்டும் அளக்காதீர்கள். வளைவின் ஆரம் 8 அடியாக இருந்து ஆழமும் 8 அடியானால் விளிம்பில் சுவர் செங்குத்தாகும். ஆழம் 5 அடியே இருந்தால் அதே ஆரம் சாதுவாகத் தெரியும். ஆரம் 6 அடியாகக் குறைந்தால் 5 அடி ஆழமே முகத்துக்கு எதிரே எழுந்து நிற்கும், எதிர்வினைக்கு நேரம் கிடைக்காது. விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது சுவரின் நடுப்பகுதி உங்கள் கண்ணுக்கு மறைகிறது என்றால் அது செங்குத்தை நெருங்கியது. அங்கே முதல் நாள் டிராப் இன் வேண்டாம். அடியிலிருந்து பம்ப் செய்து ஏறி, ஒவ்வொரு முறையும் ஒரு சாண் மேலே போய்ப் பழகலாம்.

விளிம்பை எட்டியதும் வருவது கிரைண்ட், அதாவது டிரக்கின் அச்சு கோப்பிங்கில் உரசிப் போவது. பின் டிரக் மட்டும் ஓரத்தைத் தட்டிச் செல்லும்படி சாய்வான கார்வில் தொடங்கவும். திரும்பி இறங்கும்போது பின் சக்கரம் விளிம்பின் மேல்புறத்திலேயே மாட்டிக்கொண்டால் தலைகீழாக விழுவீர்கள். பின்காலின் எடையை ஒரு கணம் எடுத்துவிட்டால் சக்கரம் உருண்டு உள்ளே வந்துவிடும். மெழுகு தேய்க்க வேண்டாம். ஒருவருக்கு வழுக்க வசதி, அடுத்தவருக்கு எலும்பு முறிவு.

பவுலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வரிசை என்று கோடு போட்டு யாரும் நிற்பதில்லை; யார் யாருக்குப் பின் இறங்குகிறார்கள் என்று ஓரிரு சுற்றுப் பார்த்தால் விளங்கும். முந்திக்கொண்டு குதிப்பவரை ‘ஸ்நேக்’ என்பார்கள், பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது. விழுந்து போர்டு கையை விட்டுப் போனால் ‘போர்டு!’ என்று கத்தவும். விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்காரக் கூடாது.

கிளம்பும் முன் போர்டை ஒரு துணியால் துடைக்கவும். இங்கே மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து பேரிங்கை மற்ற ஊர்களைவிட வேகமாகக் கெடுக்கும். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அரைபடும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் கழற்றி, ஊசியால் மூடியை நெம்பி எடுத்து, 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி, முழுக்கக் காயவைத்து, பேரிங் ஒன்றுக்கு ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடவும். அதற்கு மேல் விட்டால் அடுத்த நாள் மணலெல்லாம் அதில்தான் ஒட்டும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டை இறுக்கி முடித்துக் கால் சுற்றுப் பின்வாங்கவும். சக்கரம் அச்சில் இம்மியளவு ஆட வேண்டும்.